சொல்லின்றிப் பாடிய குழல்கள்

நாகசுரக் கலைஞர் ஒருவர் கீர்த்தனை ஒன்றை வாசிக்கும்போது அவர்தம் குழலிலிருந்து எழுவது நாதம் மட்டுமே. அதில் எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை. எனினும் அக்கீர்த்தனையை முன்னரே அறிந்தவர் செவியில் பல்லவியும் சரணமும் சொல்லோடு சேர்ந்தே ஒலிக்கின்றன. பாட்டின் சாகித்தியத்தை வாய்ப்பாடமாகக் கற்ற பின்னரே அதனைக் குழலில் ஏற்றவேண்டும் என்று நம் ஆசான்மார் வற்புறுத்தியது இதனாலன்றோ!

இதே சிக்கலை முற்றிலும் வேறான ஒரு சூழலில், வேறான ஒரு சமயத்தினர் எதிர்கொண்டனர். ஐரோப்பியத் தேவாலயங்களில் பலர் கூடிப் பல குரல்களில் பாடிய திருப்பாடல்களை நான்கைந்து பித்தளைக் குழல்களுக்கு ஏற்ப மாற்றி அமைக்கும் கலை 400 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம். பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் நமக்கு அதில் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்று உண்டு. ஏனெனில், இக்கலையைப் போற்றி வளர்த்தவருள் குறிப்பிடத்தக்கவர் புலம்பெயர்ந்து சென்ற ஒரு சிறு கூட்டத்தாரே ஆவர்.

வெனிஸ் நகரத்துத் தொடக்கம்

நம் இசை ஒற்றை இழையாக ஓடுவது. மேலை நாட்டுத் தேவாலய இசையோ பெரும்பாலும் நான்கு இழைகளால் நெய்யப்பட்டது. பெண்டிர் அல்லது சிறுவர் பாடும் உயர்ந்த குரலைச் சோப்ரானோ என்றும், அதற்கு அடுத்ததை ஆல்டோ என்றும், ஆடவரின் உயர்குரலை டெனர் என்றும், தாழ்குரலை பேஸ் என்றும் வழங்குவர். இந்நான்கும் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாடும். ஆயினும் ஒன்றோடொன்று இயைந்து ஒரே பாட்டாக ஒலிக்கும்.

இத்தகைய பாட்டைக் கருவிகளும் ஏற்று இசைக்கலாம் என்னும் வழக்கம் சிறந்து விளங்கிய இடங்களுள் ஒன்று வெனிஸ் நகரத்துத் தூய மாற்கு தேவாலயம். அங்கு 1568ஆம் ஆண்டிலேயே காற்றுக்கருவி வாசிப்போரை நிலையான ஊதியத்தில் அமர்த்தினர். அத்தேவாலயத்தில் பணிபுரிந்த ஜியோவான்னி காப்ரியேலி 1597இல் வெளியிட்ட திருவிசைத் தொகுதியின் முகப்பிலேயே, அதிலுள்ள பாடல்கள் குரல்களுக்கும் கருவிகளுக்கும் ஒருங்கே உரியவை என்னும் அறிவிப்பு உள்ளது. 6 முதல் 16 இழைகள் வரை கொண்ட அப்பாடல்களை எந்த இழையைக் குரல் பாடுவது, எந்த இழையைக் குழல் ஊதுவது என்று அவ்வப்போது கூடியிருந்த கலைஞர்களைப் பொறுத்து முடிவு செய்யும் உரிமை இருந்தது. குரலுக்கும் குழலுக்கும் இடையே இன்று நாம் காணும் வேலி அன்று எழவில்லை.

டிராம்போன் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம்

குரலோடு இணைந்து செல்லும் கருவியாக டிராம்போன் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. டிராம்போன் என்பது துளைகளில்லாத நீண்ட பித்தளைக் குழல். ஒன்றன்மேல் ஒன்று நழுவும் குழாயை வலக்கையால் நீட்டியும் சுருக்கியும் சுரத்தை மாற்றுவர். கோட்டுவாத்தியத்தில் கட்டையை நரம்பின்மேல் நழுவவிட்டுச் சுரம் காண்பதோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். அக்கால எக்காளம் தன் இயல்பான ஒருசில சுரங்களை மட்டுமே தரவல்லது. அதற்கு விசைத்தடுக்குகள் பொருத்தும் முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டறியப்பட்டது. டிராம்போனோ அதற்கு முன்னரே எல்லாச் சுரங்களையும் தரவல்லதாக இருந்தது. அன்றியும், பாடகர் தம் சுரத்தைச் செவியால் நுட்பமாகச் சரிசெய்துகொள்வதுபோல் டிராம்போன் வாசிப்பவரும் குழாயை மயிரிழையளவு நகர்த்திச் சரிசெய்யலாம். ஆகவே அது பாடகரின் உடன்பிறப்புப்போல் விளங்கிற்று.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஊர்க்குழலோர் என்னும் ஊதியம் பெற்ற கலைஞர்கள் நகரமன்றத்தின் உயரத்திலிருந்து நாள்தோறும் குழலிசை வழங்கினர். யோகான் பெட்செல் 1670இல் வெளியிட்ட தொகுதிக்குப் 'பத்தாம் மணி' என்னும் பொருளில் பெயரிட்டது அந்த வழக்கத்தை ஒட்டியே. காட்ஃபிரீட் ரைகே 1696இல் 24 சிறு படைப்புகளை வெளியிட்டார். அவை ஒரு கார்னெட்டோவுக்கும் மூன்று டிராம்போன்களுக்கும் உரியவை. கார்னெட்டோ என்பது மரத்தால் செய்து தோல் போர்த்திய வளைகுழல். அது சோப்ரானோ குரலின் இடத்தை ஏற்றது. நான்கு குரலுக்கு நான்கு குழல் என்னும் கணக்கு இங்குத் தெளிவாக அமைந்துவிட்டது. அதே நகரில் யோகான் செபாஸ்டியன் பாக் 1724இல் இயற்றிய திருவழிபாட்டு இசைநாடகங்கள் சிலவற்றில், பழைய பாணியில் அமைந்த பாடற்குழுப் பகுதிகளில், நான்கு குரல்களோடும் நான்கு டிராம்போன்கள் அதே சுரங்களை உடன் இசைக்கின்றன. குரல் சொல்லைத் தருகிறது. குழல் அச்சொல்லுக்கு உடல் தருகிறது எனலாம்.

புலம்பெயர்ந்தோரின் குழல்கள்

இனி நம் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். சமயக் கொடுமைக்கு அஞ்சி மொராவியா நாட்டைவிட்டு வெளியேறிய சிலர், 1722இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சின்சண்டார்ப் என்னும் பிரபுவின் நிலத்தில் குடியேறி ஹெர்ன்ஹூட் என்னும் ஊரை அமைத்தனர். மொரேவிய சகோதரர் என்று அவர்கள் பெயர் பெற்றனர். உண்ணுவதும் உழைப்பதும் இறைவனைத் தொழுவதும் பாட்டோடுதான் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். 1731ஆம் ஆண்டளவிலேயே அவர்களிடையே டிராம்போன்கள் வழக்கத்துக்கு வந்துவிட்டன.

அங்கிருந்தும் அவர்கள் பலர் கடல் கடந்தனர். 1741இல் வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்னும் ஊரை நிறுவினர். காட்டைத் திருத்தி வீடுகட்டும் கடும்பணிக்கு நடுவிலும், 1754இல் அவ்வூரில் டிராம்போன் குழு ஒன்று அமைந்துவிட்டது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு அளவுகளில் டிராம்போன்களை அவர்கள் பயன்படுத்தினர். குரல் வகை நான்கிற்கும் ஒவ்வொரு குழல். புதிய இசையைப் படைத்துக் காட்டுவது அவர்கள் நோக்கமன்று. சபையார் அனைவரும் அறிந்த ஞானப்பாட்டுகளின் நான்கு இழைகளையும் வெட்டவெளியில், கூரையில்லா இடத்தில், காற்றோடு போட்டியிட்டு ஒலிக்கச் செய்வதே நோக்கம். கல்லறைத் தோட்டத்தில் இறுதிச் சடங்கு நிகழும்போதும், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று விடியலுக்கு முன் ஊரைத் துயிலெழுப்பும்போதும் அக்குழல்களே முன் நின்றன.

அவர்தம் வழக்கங்களுள் நம் நெஞ்சைத் தொடுவது சாவறிவிப்பு. அவ்வூர் மக்கள் மணமான ஆடவர், மணமான பெண்டிர், மணமாகா ஆடவர், மணமாகாப் பெண்டிர், கைம்பெண்டிர், மனைவியை இழந்தோர், சிறுவர், சிறுமியர் எனப் பிரிவுகளாக வாழ்ந்தனர். ஒருவர் இறந்தால், டிராம்போன் வாசிப்போர் உயரத்தில் ஏறி மூன்று மெட்டுகளை இசைப்பர். முதல் மெட்டும் மூன்றாம் மெட்டும் ஒன்றே. கிறிஸ்துவின் பாடுகளை நினைவூட்டும் புகழ்பெற்ற ஞானப்பாட்டின் மெட்டு அது. இடையில் வரும் இரண்டாம் மெட்டு மட்டும் இறந்தவரின் பிரிவுக்கு ஏற்ப வேறுபடும். ஒவ்வொரு பிரிவினர்க்கும் தனி மெட்டு உண்டு. வயலில் ஏர் பிடித்தவரும், தறியில் அமர்ந்தவரும், அடுப்பங்கரையில் நின்றவரும் கைவேலையை நிறுத்திச் செவிமடுத்தால் போதும். போனது குழந்தையா, கைம்பெண்ணா, மணமாகா இளைஞனா என்று தெரிந்துவிடும். நோயுற்றிருப்பவர் யார் என்பது எல்லார்க்கும் தெரிந்த சிற்றூரில் பெயரையும் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஒரு சொல்லும் இல்லாத குழலிசை இவ்வாறு ஒரு சாவோலையாக நின்றது.

இது எவ்வாறு இயன்றது? ஒவ்வொரு மெட்டுக்கும் உரிய பாட்டை ஊரார் அனைவரும் பாடி அறிந்திருந்தமையால் இயன்றது. குழல் மெட்டைத் தந்தது; சொல்லைக் கேட்பவரே தம் நெஞ்சிலிருந்து எடுத்து இட்டுக்கொண்டனர்.

மாற்றி அமைக்கும் நுட்பம்

குரற்பாட்டைக் குழலுக்கு மாற்றுவது சுரங்களை அப்படியே எழுதிக் கொடுக்கும் எளிய பணிபோல் தோன்றலாம். சற்று உள்ளே புகுந்து நோக்குமிடத்து அதன் அருமை விளங்கும்.

மேற்கூறிய பாடுகளின் மெட்டையே எடுத்துக்கொள்வோம். ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பார் 1601இல் வெளியிட்ட ஒரு காதற்பாட்டின் மெட்டு அது. பின்னர்த் திருப்பாடலுக்கு உரியதாயிற்று. பாக் தம் மத்தேயு பாடுகளின் இசையில் அதனை ஐந்துமுறை எடுத்தாண்டார். அதில் எட்டு அடிகள். ஓரடியில் ஏழு அசைகளும் மறு அடியில் ஆறு அசைகளுமாக மொத்தம் 52 அசைகள். ஒவ்வோர் அடியின் முதல் அசையும் அழுத்தமில்லாதது. இரண்டாம் அசையே அழுத்தம் பெறும். பாடுபவர்க்கு இதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை. சொல்லே அவருக்குக் காட்டிவிடும். சொல்லை அறியாது சுரத்தை மட்டும் நோக்கும் குழலோரோ முதற் சுரத்தை ஓங்கி ஊதிவிடுவர். ஊதினால் பாட்டு நொண்டும். ஆகவே மாற்றி அமைப்பவர் எந்தச் சுரம் மெலிது, எந்தச் சுரம் வலிது என்பதைக் குறிகளால் உணர்த்தவேண்டும்.

அடுத்தது மூச்சு. பாடகர் அடியின் முடிவில் மூச்சு வாங்குவர். பொருள் அங்கு முடிகிறது. ஆனால் சில இடங்களில் பொருள் அடி கடந்து அடுத்த அடிக்குள் ஓடும். அங்குக் குழலோர் நால்வரும் ஒருசேர மூச்சு வாங்கினால் வாக்கியம் முறியும். எனவே ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் சுரத்தைத் தாங்கி நிற்குமாறு அமைப்பதே நன்று. மெய்யெழுத்துகளின் வேலையைக் குழலில் நாக்கு செய்கிறது. ஓர் அசைக்கு ஒரு சுரம் என்னுமிடத்தில் நாவால் ஒவ்வொன்றையும் தொட்டு ஊதவேண்டும். ஓர் அசை இரண்டு மூன்று சுரங்களில் நீளுமிடத்தில் தொடாமல் இழைக்கவேண்டும். டிராம்போனில் நாக்கே தொடாமல் இழைத்தால் குழாய் நழுவும் ஒலி இடையில் புகுந்து கெடுத்துவிடும். ஆதலால் மென்மையாகத் தொட்டும் தொடாமலும் ஊதக் கற்கவேண்டும்.

மூன்றாவது, உதடு. பாடகர் குழு பத்துச் சரணங்களையும் தளராது பாடிவிடும். குழலோரின் உதட்டுத் தசையோ உயர்ந்த சுரங்களில் விரைவில் சோர்ந்துவிடும். எனவே மெட்டு முழுவதையும் சற்றுத் தாழ்ந்த சுருதிக்கு இறக்குவதும், ஒரு சரணத்தில் தலைமைக் குழலுக்கு ஓய்வளித்து மெட்டை டெனர் குழலுக்குக் கொடுப்பதும் உண்டு. நான்காவது, சரணங்களின் வேறுபாடு. ஒரே மெட்டில் துயரச் சரணமும் நம்பிக்கைச் சரணமும் அடுத்தடுத்து வரும். பாடகர்க்குச் சொல் மாறும்போது குரலும் மாறும். குழலில் அம்மாற்றத்தை மென்மை, வன்மை, வேகம் ஆகியவற்றால்தான் உண்டாக்க இயலும்.

இன்று பெரிதும் வழங்குவது ஐந்து குழல் குழு: இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா. நான்கு குரலை ஐந்து குழலுக்குப் பகிரும்போது தாழ்குரலை டியூபா ஓர் ஸ்தாயி கீழே இரட்டிப்பதுண்டு. எட்டுக் குரல் திருப்பாடல் ஒன்றை இக்குழுவுக்கு அமைக்க நேர்ந்தால் சிக்கல் தலைகீழாகும். எல்லாக் குரலுக்கும் இடமில்லை. எதனை விடுவது, எதனை ஓய்ந்திருக்கும் குழலிடம் ஒப்படைப்பது என்று தேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். பாட்டின் பொருளை எந்த இழை தாங்குகிறது என்பதை அறிந்தவரே அம்முடிவைத் தவறின்றிச் செய்வர். இவ்வனைத்தையும் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும்: சொல்லை நீக்கும் பணியைச் செய்பவர்க்கே சொல்லறிவு மிகுதியாக வேண்டும்.

சொல் திரும்பி வந்த கதை

குரலிலிருந்து குழலுக்குச் சென்ற பாதையில் எதிர்த்திசையிலும் பயணம் நிகழ்ந்ததுண்டு. 1812இல் பேத்தோவன் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குச் சென்றிருந்தார். அந்நகரத் தலைமைத் தேவாலயத்தின் இசைத்தலைவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, இறந்தோரை நினைவுகூரும் நாளுக்காக நான்கு டிராம்போன்களுக்கு மூன்று சிறு படைப்புகளை இயற்றினார். 1827 மார்ச் 29ஆம் நாள் வியன்னாவில் அவருடைய இறுதி ஊர்வலம் நிகழ்ந்தபோது, அவற்றுள் இரண்டிற்கு இக்னாஸ் சைஃப்ரீட் என்பார் இரங்கற் சங்கீதத்தின் இலத்தீன் சொற்களை இணைத்து ஆடவர் பாடுமாறு அமைத்திருந்தார். குழலும் குரலும் மாறிமாறி ஒலித்தன. குழலுக்கென்றே பிறந்த இசை, படைத்தவரின் சாவில் சொல் பெற்றது.

இதற்கு இணையான நிகழ்ச்சி நம் மண்ணிலும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையின் ஆங்கிலப் படைக்குழலோர் இசைத்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழியில் தெய்வத்துதிகளைப் புனைந்தார். 'நோட்டுசுவர' சாகித்தியங்கள் என அவை இன்றும் பாடப்படுகின்றன. ஆங்கில அரசரை வாழ்த்தும் மெட்டும் அவற்றுள் இறைவாழ்த்தாயிற்று.

ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டில் சிற்றூர்தோறும் குழல் குழுக்கள் தோன்றியபோது, யோகான்னஸ் கூலோ என்னும் போதகர் (1856–1941) எளிய உழவரும் தொழிலாளரும் பயன்பெறும் வழி ஒன்றைப் பரப்பினார். குழலுக்குக் குழல் வேறுபட்ட சுருதியில் எழுதப்பட்ட தாள்களை விலக்கி, ஒலிக்கும் சுரமே எழுதப்படுமாறு செய்தார். இதனால் சபையார் பாடும் அதே நூலைக் குழலோரும் கையில் ஏந்தி வாசிக்கலாயினர். குழல் பாடவேண்டும், முழங்கக்கூடாது என்பது அவர் கொள்கை. பாடுவோர் கையிலும் ஊதுவோர் கையிலும் ஒரே நூல் இருந்ததால், ஊதுவோர் கண்முன் சொல்லும் எப்போதும் இருந்தது. சிறு செய்தியாயினும் இதன் பயன் பெரிது.

நாம் எண்ணத்தக்கது

மீண்டும் பெத்லகேமுக்குச் செல்வோம். அவ்வூரார் ஜெர்மன் மொழியில் பாடியும் பேசியும் வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்தம் வழிபாடு படிப்படியாக ஆங்கிலத்துக்கு மாறிற்று. மொழிபெயர்ப்போர் ஒவ்வொரு பாட்டோடும் போராடினர். அசை குறையும், எதுகை தவறும், பொருள் மங்கும். டிராம்போன்களுக்கோ எந்தத் தொல்லையும் இல்லை. அவை நேற்று ஊதியதையே இன்றும் ஊதின. 1900இல் பாக்கின் பெருந்திருப்பலி இசை அமெரிக்காவில் முதன்முறையாக முழுமையாக அவ்வூரில் அரங்கேறியபோதும், தேவாலய உயரத்திலிருந்து டிராம்போன்களே ஞானப்பாட்டு இசைத்து மக்களை அழைத்தன. மொழி மாறிய ஊரில் மாறாது நின்றது குழலிசை.

இச்சகோதரர்கள் நம் கடற்கரைக்கும் வந்தவர்களே. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து ஊருக்கு வெளியே குடியிருப்பு ஒன்றை அமைத்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். அவர்களுக்கு முன்பே, 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவின் வழியினர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி அதே மெட்டுகளில் பாடச் செய்திருந்தனர். மெட்டு கடல் கடந்து வந்து தமிழ்ச் சொல்லை உடுத்துக்கொண்டது.

ஆகவே மெட்டுக்கு நெடிய ஆயுள் உண்டு என்பதில் ஐயமில்லை. அதனாலேயே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. மெட்டு நிலைத்துவிட்டது என்று மகிழ்ந்து, சொல் நழுவுவதைக் காணாதிருந்துவிடலாம். ஜெர்மன் பாட்டை நெஞ்சில் சுமந்த முதியவர் ஒருவர் கேட்ட அதே மெட்டை அவர் பேரன் ஆங்கிலப் பாட்டாகக் கேட்டான். எந்தப் பாட்டும் கற்காத கொள்ளுப்பேரனுக்கோ அது இனிய ஒலி மட்டுமே. யார் இறந்தார் என்பதை அவனுக்கு அது சொல்லாது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் இல்லங்களில் இந்நிலை இல்லையா? கோயில் விழாவில் நாகசுரம் கேட்டுத் தலையசைக்கும் நம் மக்கள், தேவாரப் பண்ணையும் திருப்புகழ்ச் சந்தத்தையும் ஒலிநாடாவிலும் இன்று கைப்பேசியிலும் கேட்டு மெட்டைப் பிழையின்றி முணுமுணுக்கின்றனர். சொல் யாது என்று வினவினால் விழிக்கின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. மெட்டு தானே வந்து செவியில் அமரும். சொல்லை ஒருவர் அருகிருந்து ஊட்டவேண்டும். அப்பணி நம்முடையது.

பெத்லகேமின் குழலோர் பகலில் தச்சரும் கொல்லரும். வழிபாட்டில் அவர்களே பாடகர். முதல்நாள் வாயால் பாடியதையே மறுநாள் உயரத்தில் ஏறி ஊதினர். ஊரார் பாடுவதை நிறுத்தாத வரையில் குழலும் பேசிற்று. நம் சங்கங்களில் ஆண்டுக்கு ஒருமுறை நாகசுரத்தை வரவழைக்கிறோம், அது வேண்டுவதே. அதனோடு வாரத்துக்கு ஒருமுறை சிறுவர் நால்வரை அமர்த்தி ஒரு பதிகத்தைப் பொருளோடு பாடப் பழக்குவோமாயின், அடுத்த ஆண்டு அந்நாகசுரம் அவர்களுக்கு வெறும் நாதமாக நின்றுவிடாது.